ஹோர்னோயா: பாறை முழுக்கப் பறவை

நார்வேயின் வடகிழக்கு மூலையில், பேரண்ட்ஸ் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது வராங்கர் தீபகற்பம். அதன் கிழக்கு ஓரத்தை ஒட்டிய தீவில் இருக்கும் மீன்பிடி ஊர் வார்டோ; இஸ்தான்புல்லைவிடவும் கிழக்கே இருக்கிறது. கிரீட் தீவுவரை போகும் ஈ75 நெடுஞ்சாலைக்கு இதுதான் வடமுனை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருந்தும் குளிர்காலத்தில்கூட இங்கே துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமே காரணம். இங்கே மீன் பெருகுவதும், மீனைத் தேடிப் பறவைகள் கூடுவதும் அதனால்தான்.

கிர்கெனெஸில் விமானம் இறங்கி வாடகைக் கார் எடுப்பது நல்லது. அங்கிருந்து வார்டோவுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். கடைசியில் ஒரு கடலடிச் சுரங்கம். கரையோரக் கப்பலிலும் வரலாம்.

வார்டோ துறைமுகத்திலிருந்து ஹோர்னோயா தீவுக்குப் படகில் பத்தே நிமிடம். இறங்கியதுமே பாறை கண்முன் நிற்கும். முதலில் எட்டுவது சத்தம். கூடவே மீன் நாற்றமும் எச்ச நாற்றமும். தொப்பி போடாமல் போகாதீர்கள்.

அவசரப்படாமல் ஓரிடத்தில் உட்காருங்கள். பாதையோரம் கூட்டில் இருப்பது ஷேக் என்னும் நீர்க்காகம். அதன் கண் மரகதப் பச்சை. மேலே விளிம்புகளில் தோளோடு தோள் நெருக்கி நிற்பவை கில்லெமாட்கள். இவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒரே முட்டை, பேரிக்காய் வடிவத்தில். நீலம், பச்சை, வெள்ளை என்று நிறமும் புள்ளியும் முட்டைக்கு முட்டை மாறும். அதை வைத்தே தம் முட்டையை அடையாளம் காண்கின்றன. மூன்று வாரம் ஆனதும், பறக்கத் தெரியாத குஞ்சு அங்கிருந்து கீழே குதிக்கும். தந்தைதான் கடலில் அதைக் கூட்டிக்கொண்டு போய் வளர்க்கும். ஜூலையில் வந்தால் இந்தக் குதிப்பைப் பார்க்க வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால், இதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

புல் சரிவில் வளை தோண்டி வாழ்வது பஃபின். அலகு நிறைய மீன்களைக் குறுக்கே அடுக்கியபடி வந்து இறங்கும். பிடித்ததை நாக்கால் மேலண்ணத்து முட்களில் அழுத்திக்கொண்டு, அடுத்த மீனுக்கு அலகைத் திறக்கும். அந்த வண்ண அலகுத் தகடுகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் வருவோருக்கு வேறு விருந்து: வராங்கர் ஃபியோர்டில் சைபீரியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஸ்டெல்லர் ஈடர் வாத்துகள். ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு ஹோர்னோயா பாறை ஏறக்குறைய காலி.

இத்தனைக்கும் ஆதாரம் சின்னஞ்சிறு கேப்லின் மீன்தான். முட்டையிட அது கரைக்கு வரும். பின்னாலேயே காட் மீனும் வரும். 1986–87 குளிர்காலத்தில் கேப்லின் அற்றுப்போனபோது கில்லெமாட்களில் பெரும்பகுதி பட்டினியால் மடிந்தது. ஹோர்னோயாவில் அவை மெல்ல மீண்டன. ஆனால் நார்வேயின் 2021 சிவப்புப் பட்டியலில் கில்லெமாட் மிக ஆபத்தான நிலையிலும், பஃபினும் கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகமும் ஆபத்தான நிலையிலும் உள்ளன. 2023 கோடையில் பறவைக் காய்ச்சலால் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான கிட்டிவேக்குகள் செத்தன.

ஜூனிலும் காற்று எலும்பைத் துளைக்கும். பருத்தி உடை வேண்டாம். கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலாடை, ஒரு பிளாஸ்கில் சூடான தேநீர்.

கிளம்புமுன் தீவில் இறங்க அனுமதி உண்டா என்று துறைமுகத்தில் கேளுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். பறவைகள் மிரண்டு எழும்பினால் முட்டையைப் பெரிய கடற்காகம் தூக்கிவிடும். செத்த பறவையைத் தொடாதீர்கள். திரும்பியதும் காலணியைக் கழுவிவிடுங்கள்.