சுமக்கிறவனையும் யாராவது சுமக்கட்டும்

அன்புத் தம்பி,

உன்னை அமெரிக்கத் தரைப்படைக்குப் படைக்குருவாக விட்டுக்கொடுக்க உன் ஆயர் சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு மனம் வருவது லேசாக இருந்திருக்காது. சாமியார் இல்லாத பங்குகள் அங்கேயும் நிறைய. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1985-இல் தனியாக ஏற்படுத்திய படைத்துறை உயர்மறைமாவட்டம், மற்ற ஆயர்களும் சபைகளும் கடனாகத் தரும் குருக்களை நம்பித்தான் நடக்கிறது. வீரர்கள், குடும்பத்தார், முன்னாள் படையினருக்கான மருத்துவமனைகளில் கிடப்பவர்கள் என்று சுமார் 18 லட்சம் பேர். முழுநேரப் பணியில் இருக்கும் கத்தோலிக்கக் குருக்கள் 200 பேர்கூட இல்லை. நீ போவது நல்ல காரியம்.

படைக்குருவாக இருந்த எமில் கபானைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேன்சஸ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1950 நவம்பர் 2, கொரியப் போர்க்களமான உன்சான். தப்பிக்க வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். கணுக்கால் உடைந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜெண்டின் தலைக்கு நேரே எதிரி வீரன் ஒருவன் துப்பாக்கி நீட்டியிருந்தான். கபான் நேராக நடந்துபோய் அந்தத் துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு மில்லரைத் தூக்கிக்கொண்டார். கையில் ஆயுதம் கிடையாது. உனக்கும் இருக்காது; படைக்குரு ஆயுதம் ஏந்தக் கூடாது.

பிடிபட்டபின், சிறைமுகாமில் தகரத்தைத் தட்டித் தட்டிப் பாத்திரமாக்கினார். அதில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்தார். அவர் இறந்தபின் அந்த முகாமுக்கு வந்த ஜெரால்டு ஃபிங்க் என்ற யூத வீரர், கேட்ட கதைகளை வைத்தே அவர் நினைவாக ஒரு பாடுபட்ட சுரூபத்தை மரத்தில் செதுக்கினார். உன் முகாமிலும் பூசைக்கு வருகிறவர்களைவிட, கோவில் பக்கமே வராமல் உன்னைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். வண்டி பழுதுபார்க்கிற கொட்டகையில் நின்றுகொண்டு, "ஃபாதர், அஞ்சு நிமிஷம் இருக்கா?" என்பார்கள்.

அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் நான் நினைத்துக் கவலைப்படுகிறேன். வீரன் உன்னிடம் மனம்விட்டுச் சொன்னதை, அவன் சம்மதமில்லாமல் நீ தளபதியிடமும் சொல்ல முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாலும் அப்படித்தான். மருத்துவரிடம் வர அவனே சரி என்கிறவரை நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு உன் அறைக்குத் தனியாகத் திரும்ப வேண்டும்.

அந்தத் தனிமை எனக்குத் தெரியும். முப்பது வயதில் ஒரே வாரத்தில் மூன்று அடக்கம் செய்தேன், ஒன்று குழந்தை. யாரிடமும் பேசவில்லை. குரு என்றால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மாதம் பூசையில் என் வாய் மட்டும்தான் அசைந்தது.

ஆனால் கபானைப் பார். 1951 மே மாதம் அவருக்குக் காலில் இரத்தம் கட்டி, நிமோனியாவும் வந்தது. சாகத்தான் அனுப்புவார்கள் என்று தெரிந்த 'மருத்துவமனை'க்குக் காவலர்கள் கொண்டுபோக வந்தார்கள். கைதிகள் மறித்துச் சண்டை போட்டார்கள்; முடியவில்லை. கடைசியில் தாங்களே அவரைத் தூக்கிப்போனார்கள். அவர் தடுக்கவில்லை. மே 23-இல் இறந்தார். வயது 35.

அதுபோல நீயும் தடுக்காதே. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பக்கத்து ஊரில் உனக்கென்று ஒரு பாவசங்கீர்த்தனக் குருவைப் பார்த்து வை. ஆயருக்கு மாதம் ஒரு கடிதம் போடு. என்னைக் கூப்பிடுவதற்கு நேரம் பார்க்காதே. நான் நாலு மணிக்கே எழுந்து வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பேன்.