மாற்று ரவுட்டர் உண்மையில் மாறுமா?

ரேக்கில் இரண்டு ரவுட்டர் இருந்துவிட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நெட்வொர்க் வேலையில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த நம்பிக்கையைத்தான்.

2016 ஜூலையில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஒரு ரவுட்டர் பழுதானது. மாற்று ஏற்பாடு தயாராகத்தான் இருந்தது. ஆனால் ரவுட்டர் முழுதாக விழவில்லை, அரைகுறையாகச் செயலிழந்தது. அதனால் மாற்று ஏற்பாடு இயங்கத் தொடங்கவே இல்லை. 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

முழுதாகச் செத்த கருவியைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு ரவுட்டர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் விஆர்ஆர்பி முறையில் முதன்மை ரவுட்டர் நொடிக்கு ஒருமுறை தான் இருப்பதை அறிவிக்கும். மூன்று அறிவிப்பு தவறினால் சுமார் மூன்றரை நொடியில் ஸ்டாண்ட்பை, அதாவது மாற்று ரவுட்டர், பொறுப்பேற்கும். இதே வேலையைச் செய்யும் சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பியில் இயல்பாக 3 நொடிக்கு ஒரு ஹலோ, 10 நொடி காத்திருப்பு. இந்த அறிவிப்புகள் எல்லாம் உள் நெட்வொர்க் பக்கம் மட்டுமே போகும். வெளியே போகும் லைன் அறுந்துகிடந்தாலும் உள்ளே ஹலோ தவறாமல் வந்துகொண்டிருக்கும். ஸ்டாண்ட்பையும் எல்லாம் நலம் என்று சும்மா இருக்கும்.

இதற்குத்தான் டிராக்கிங். வெளி லைன் செருகிய அப்லிங்க் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, லைனுக்கு அப்பால் ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று சோதிக்கவைத்து, பதில் நின்றால் அந்த ரவுட்டரின் பிரியாரிட்டி குறையும்படி அமைக்கவேண்டும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. எச்எஸ்ஆர்பியில் ப்ரீஎம்ப்ட், அதாவது பிரியாரிட்டி கூடிய ரவுட்டர் பொறுப்பைப் பறித்துக்கொள்ளும் வசதி, இயல்பாக அணைந்தே இருக்கும். ஸ்டாண்ட்பையில் அதை இயக்காவிட்டால், முதன்மையின் பிரியாரிட்டி எவ்வளவு குறைந்தாலும் பொறுப்பு மாறாது. விஆர்ஆர்பியில் அது இயல்பாகவே இயங்கும் என்பதால், இரண்டையும் மாறிமாறிக் கையாள்பவர்கள் இங்கேதான் தடுக்கிவிழுகிறார்கள். இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தைக் காரணத்தோடு சொல்லிப்பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, ரேக்கின் பின்பக்கம் போங்கள். இரண்டு பவர் சப்ளையின் கேபிளையும் கையால் பிடித்துக்கொண்டே கடைசிவரை போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகப்பட்டிருப்பது அபூர்வமில்லை. தனித்தனி லைன் என்றாலும் சுமையைக் கணக்கிடுங்கள். இரண்டிலும் 60 சதவீதம் ஓடினால், ஒன்று போன நொடியில் மற்றதன்மேல் 120 சதவீதம் ஏறும், தாங்கமுடியாமல் அதுவும் டிரிப் ஆகலாம். வெளி லைன்களுக்கும் இதே பார்வை வேண்டும். 2001-இல் பால்டிமோரில் ஹோவர்ட் தெரு ரயில் சுரங்கம் தீப்பிடித்தபோது, அதே சுரங்கம் வழியாகப் போன பல நிறுவனங்களின் ஃபைபர் ஒன்றாகப் பாதிக்கப்பட்டது. இரண்டு நிறுவனத்திடம் லைன் வாங்கியிருந்தால், இரண்டும் எந்த வழியாக வருகின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் சரிபார்த்தபின் ஒத்திகை. இரவு மெயின்டெனன்ஸ் நேரத்தில் முதன்மைக் கருவியின் அப்லிங்கைப் பிடுங்குங்கள். மற்றொரு முறை பவரையே நிறுத்துங்கள். தொடர் பிங் ஓடட்டும், கூடவே ஒரு ஃபோன் அழைப்பும் ஒரு பெரிய டவுன்லோடும். பிங் 4 நொடியில் திரும்பினாலும், ஃபயர்வால் ஜோடி தங்களுக்குள் செஷன் விவரங்களைப் பகிராவிட்டால் அழைப்பு அறுந்துவிடும். பயனர் உணர்வது அதைத்தான்.

பொறுப்பு பழைய இடத்துக்குத் திரும்பிவருவதையும் சோதியுங்கள். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் இணைப்பு அறுந்தது 43 நொடிதான். அதற்குள் தானியங்கி முறை டேட்டாபேஸின் முதன்மைப் பொறுப்பை அமெரிக்காவின் மறு கரையிலிருந்த டேட்டா சென்டருக்கு மாற்றிவிட்டது. இரு பக்கமும் மற்றதிடம் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட, எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

ஒத்திகைக்கு மேலாளர் தயங்கினால், அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எதை நிறுத்தப்போகிறோம், எத்தனை நொடி தடங்கல் எதிர்பார்க்கிறோம், எந்த நிமிடத்தில் பின்வாங்குவோம், யார் போனில் இருப்பார்கள். அனுமதி வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். இரு கருவிகளின் சாஃப்ட்வேர் பதிப்பையும் கான்ஃபிகரேஷனையும் ஒப்பிடுவது, ஸ்டாண்ட்பையின் லைசென்ஸ் காலாவதி தேதியைப் பார்ப்பது, கேபிள்களுக்கு லேபிள் ஒட்டுவது ஆகியவற்றுக்கு எந்தச் சேவையையும் நிறுத்தத் தேவையில்லை; நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.