ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால்...

2024 ஏப்ரலில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 3,878 சைபர்டிரக் மின்வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆக்சிலரேட்டர் பெடலின் மேலுறை கழன்று, பெடலுக்கு மேலிருக்கும் உட்புறப் பட்டையில் செருகிக்கொண்டால், பெடல் அழுந்தியபடியே நின்றுவிடும். உறையை எளிதாக மாட்டத் தொழிற்சாலையில் தடவிய சோப்பு, அதன் பிடிப்பையே குறைத்துவிட்டது. எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய ஆபத்து!

இப்படி நேர்ந்தால் பதறாமல் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, அப்படியே பிடித்திருங்கள். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. சைபர்டிரக்கில் பிரேக்கை மிதித்ததும் ஆக்சிலரேட்டரின் வேலை தானாகவே நின்றுவிடும். எந்தக் காரானாலும் நியூட்ரலுக்கு மாற்றுவது கூடுதல் பாதுகாப்பு. வண்டி நின்றதும் பார்க்கிங்கில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கால்மேட் நகர்ந்து பெடலைத் தொடுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் பழைய கார் வாங்கினால், முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலையில் தெரியும் 17 எழுத்து, எண்கள் கொண்ட அடையாள எண்ணை தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் கொடுத்துப் பாருங்கள். திரும்ப அழைக்கப்பட்டும் சரிசெய்யாத குறை இருந்தால் தெரிந்துவிடும். சைபர்டிரக் பெடலைச் சரிசெய்யக் கட்டணம் இல்லை, தள்ளிப்போடாதீர்கள்.