உப்புப் பாத்தியும் பனிப் பாத்தியும்

 

நம்ம மரக்காணத்துல "பனி"ன்னா என்ன? மார்கழி மாசம் விடியற்காலையில உப்பளத்து மேல புகை மாதிரி நிக்கும். புல்லு நுனியில முத்து முத்தா தொங்கும். வெயில் ஏறினா காணாமப் போயிடும். அவ்வளவுதான்! ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி மேல் வெள்ளையாக உறைபனி படியும். ஆனால் அங்கேயும் ஏரி உறைவதில்லை.

ஏரியே பாறை மாதிரி உறைந்து, அதன் மேல் மனிதர்கள் ஓடியாடி விளையாடும் இடங்கள் நம் இந்தியாவிலேயே இருக்கின்றன. அந்த விளையாட்டுகளையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். "நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேக்குறீங்களா? சம்பந்தம் நம்ம உப்புலேயே இருக்கு. படிச்சுப் பாருங்க!

1. சிம்லாவில் ஒரு பாத்தி

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லாவில் 1920-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திறந்தவெளி பனிச்சறுக்குத் திடல் இருக்கிறது. அதை எப்படி உண்டாக்கினார்கள் தெரியுமா? தரையைச் சமமாக்கி, சாயங்காலம் மெல்லிசாகத் தண்ணீர் விடுவார்கள். ராத்திரி குளிரில் அது உறைந்துவிடும். அதன் மேல் இன்னொரு அடுக்குத் தண்ணீர். இப்படியே அடுக்கடுக்காகப் பனிக்கட்டித் தரை உருவாகும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், வானம் தெளிவாக இருந்து நல்ல குளிர் அடித்தால் போதும். காலில் எஃகுத் தகடு பொருத்திய காலணி மாட்டிக்கொண்டு வழுக்கிச் செல்வார்கள். வெயில் ஏறினால் தரை இளகிவிடும் என்பதால் காலையிலும் சாயங்காலமும்தான் விளையாட்டு.

இப்ப நம்ம உப்பளத்தை நினைச்சுப் பாருங்க. நாமும் தரையைச் சமமாக்கி, வரப்பு கட்டி, பாத்தியில மெல்லிசா தண்ணி விடுறோம். அவங்க குளிருக்குக் காத்திருக்காங்க, நாம வெயிலுக்குக் காத்திருக்கோம்!

2. லடாக்கின் பனி ஹாக்கி

லடாக்கில் லே நகரின் கர்சூ என்ற இடத்தில் உள்ள குளம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அங்கே பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்கள். பந்து கிடையாது. பெரிய கேரம் காய் மாதிரி தடித்த ரப்பர் வட்டு. அதற்கு "பக்" என்று பெயர்.

இந்தியப் பெண்கள் பனி ஹாக்கி அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள்தான். இந்த அணி 2016-ல் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் ஆடியது. 2017-ல் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்று முதல் வெற்றி பெற்றது. 2025-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றது. குளத்தில் ஆடிப் பழகியவர்கள் ஆசிய அளவில் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள்!

நம் தமிழ்நாடும் சும்மா இல்லை. 2025 ஜனவரியில் லேயில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் நம் மாநிலம் 3 தங்கம் உட்பட 5 பதக்கங்கள் பெற்று, லடாக்குக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பனியே பெய்யாத மாநிலம், பனி விளையாட்டில் இரண்டாம் இடம்!

3. உறைந்த ஏரி மேல் ஓட்டம்

லடாக்கில் உள்ள பாங்காங் ஏரி சுமார் 134 கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு பகுதி இந்தியாவிலும் மீதி சீன எல்லைக்கு அப்பாலும் உள்ளது. 2023 பிப்ரவரி 20 அன்று, 13,862 அடி உயரத்தில் உறைந்து கிடந்த அந்த ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 75 பேர் ஓடினார்கள். உலகிலேயே மிக உயரமான இடத்தில் உறைந்த ஏரி மேல் நடந்த அரை மாரத்தான் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாங்காங் ஏரித் தண்ணீர் உவர்நீர்! உப்புத் தண்ணீர் எப்படி உறையும்? வாங்க பார்ப்போம்.

4. ஏரி ஏன் மேலே மட்டும் உறைகிறது?

பொதுவாக ஒரு பொருள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகும். ஆனால் நல்ல தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது. பனிக்கட்டி மிதக்கும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மேலே பிள்ளைகள் விளையாட, கீழே மீன்கள் நீந்தும்! ஏரி அடியிலிருந்து உறைந்தால் மீன்கள் கதி என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க.

5. உப்பு என்ன செய்யும்?

தண்ணீர் உறைய அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசையில் நிற்க வேண்டும். காலை பிரேயர்ல நாம வரிசையா நிக்கும்போது நடுவுல நாலு பேர் குறுக்க ஓடினா வரிசை கலையுமில்ல? உப்பு அதைத்தான் செய்கிறது. அதனால் உப்புத் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும்.

நல்ல தண்ணீர்: 0 டிகிரியில் உறையும்.
கடல் தண்ணீர்: சுமார் மைனஸ் 2 டிகிரியில் உறையும்.
100 கிராமில் 23 கிராம் உப்புள்ள கரைசல்: சுமார் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது.

பாங்காங் ஏரியில் உப்பு குறைவு, குளிரோ மிக அதிகம். அதனால் அது உறைகிறது. நம்ம பாத்தியில உப்பு பூக்கப்போற தண்ணியைக் கொண்டுபோய் அங்க ஊத்தினா, அது லேசுல உறையாது! குளிர் நாடுகளில் சாலைப் பனியைக் கரைக்க உப்பைத் தூவுவதும் இதனால்தான். குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு கல் உப்பு போடுவதும் இதே தத்துவம்.

செய்து பாருங்கள்: ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸை உடைத்துப் போடுங்கள். ஒரு கைப்பிடி நம்ம ஊர் உப்பைப் போட்டுக் கிளறுங்கள். சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளை உறைபனி படியும். மரக்காணத்துலயே பனி! (அறிவியல் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டம்ளரை ரொம்ப நேரம் கையால் பிடிக்கக் கூடாது. தோல் புண்ணாகும்.)

6. விளையாட்டு வினையாகக் கூடாது

2022 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வுட்ஸ் கேனியன் ஏரி உறைந்திருந்தது. அதன் மேல் நடந்த இந்திய வம்சாவளியினர் மூன்று பேர், பனி உடைந்து உள்ளே விழுந்து உயிரிழந்தனர். நம்ம ஊர் அண்ணன்களும் அக்காக்களும் படிக்கவும் வேலைக்கும் குளிர் நாடுகளுக்குப் போகிறார்கள். நாளை நாமும் போகலாம். கடலில் எந்த இடத்தில் இறங்கக் கூடாதுன்னு நமக்குத் தெரியும். பனியைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தருவார்? எனவே இதை மனதில் வையுங்கள்.

* ஒருவர் நடக்கவோ சறுக்கவோ பனி 15 செ.மீ. தடிமன் வேண்டும். பலர் சேர்ந்து விளையாட 20 செ.மீ. வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம்.
* ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனி மெலிந்திருக்கும். போகாதீர்கள்.
* உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.
* விழுந்துவிட்டால் முதல் 1 நிமிடம் பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். எனவே பதற்றம்தான் முதல் எதிரி.
* வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும்.
* காப்பாற்றப் போகிறவர் கிட்டே ஓடக் கூடாது. கயிறோ நீளத் துணியோ வீச வேண்டும்.

7. சிந்திப்போம்

கனடாவில் நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அதன் தலைநகர் ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்கி விளையாடுவார்கள். 2022-23 குளிர்காலத்தில் பனி போதிய தடிமன் ஆகாததால், அரை நூற்றாண்டில் முதல்முறையாக அது திறக்கப்படவே இல்லை. பாங்காங் ஓட்டத்துக்கும் "கடைசி ஓட்டம்" என்றே பெயர் வைத்தார்கள். பூமி இப்படியே சூடாகிக்கொண்டு போனால் ஏரி உறையாமல் போய்விடும் என்று உலகத்துக்குச் சொல்லத்தான் அந்தப் பெயர்.

அங்கே குளிர் தவறினால் பிள்ளைகளுக்கு விளையாட்டு போகும். இங்கே பருவம் தவறி மழை பெய்தால், வாரி எடுக்க வேண்டிய உப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும். நம் அம்மா அப்பாக்களின் கூலியும் அதோடு போகும். லடாக் எங்கேயோ இருக்குன்னு நினைக்காதீங்க. பருவம் மாறினா ரெண்டு ஊருக்கும் நஷ்டம்தான். மரம் நடுவோம், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்போம், பருவத்தைக் காப்போம்!

மூளைக்கு வேலை
1. தண்ணீர் எத்தனை டிகிரியில் அதிக அடர்த்தியாக இருக்கும்?
2. பனி ஹாக்கியில் பந்துக்குப் பதில் எது?
3. குல்ஃபிப் பானையில் உப்பு ஏன் போடுகிறார்கள்?

(விடைகள் கட்டுரைக்குள்ளேயே ஒளிந்திருக்கு. கண்டுபிடிங்க!)