தொடையைப் பார், தம்பி



காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தல்களின் பூச்சிகளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். கவாத்து முடிந்து கண் வெடிக்கும்போது தளிரைச் சுரண்ட வரும் வெண்கல நிற வண்டு, முதுகில் ஆறு கரும்புள்ளி, கொடியை உதறினால் செத்ததுபோல் விழுந்து கிடப்பது... அடேயப்பா! பந்தலடியில் குந்தி உட்காராமல் இப்படி எழுத முடியாது.

அதற்குக் கீழேயே 'தெள்ளு வண்டு இனம்' என்று போட்டாயே, அங்கேதான் எரிச்சல் வந்தது. பூச்சிமருந்துக் கடைக்காரர் அப்படிச் சொல்லட்டும், நீ சொல்லலாமா? நீ வர்ணிப்பது செலோடோன்டா ஸ்ட்ரிகிகோலிஸ், யூமோல்பினே கூட்டம். அசல் தெள்ளு வண்டுக்குப் பின்தொடை பருத்திருக்கும். உள்ளே சுருள்வில் போல ஓர் உறுப்பு. அதை விசைத்துத்தான் எகிறும். அதை ஆராய்ந்த வங்காளி சமரேந்திர மௌலிக்கின் பெயரே அதற்கு நிலைத்தது. நீ அனுப்பிய படத்தில் தொடை சாதாரணம். எகிறியதாக நீயும் எழுதவில்லை. லென்ஸில் பார்: கண்ணுக்கு மேலே ஆழமான பள்ளம், முன்முதுகில் குறுக்கு வரிகள். இதெல்லாம் இருந்தால், பூச்சியியலாளர் ஜேக்கபி 1908லேயே எழுதிவைத்த கூட்டம்தான்.

அடுத்தது, 'அழுகிய குலைகளில் பல சின்ன ஈக்கள்.' பல என்றால்? கூன் முதுகோடு விட்டுவிட்டு ஓடியதா? றெக்கையின் முன்விளிம்பில் மட்டும் நரம்பு தடித்திருந்ததா? அப்படியானால் ஃபோரிடே குடும்பம். அதில் மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேல் இனங்கள். நீ ஒரே வரியில் கடந்துவிட்டாய்!

பூச்சியைப் பிடித்துச் சீட்டோடு வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் சூசைநாதன் என்றொருவர் இருந்தார். அவர் பிடித்த நெட்டைக்கால் ஈக்களை வைத்து அமெரிக்கரான அலெக்சாண்டர் புதுப்புது இனங்களை விவரித்தார். ஏதோ ஒரு இழுப்பறையில் அவர் பிடித்த ஓர் ஈயையும் அதன் சீட்டையும் நான் பார்த்தபோது ஈயின் கால் பாதி உதிர்ந்திருந்தது. சீட்டில் ஊரும் தேதியும் அப்படியே இருந்தன. அதற்கப்புறம்தான் சுருளியில் திரைபோல வேட்டியைக் கட்டி, பெட்ரோமாக்ஸ் ஏற்றி, நாங்களும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம். பிடித்ததைவிடக் கொசுக்கடி அதிகம்.

படம் மட்டும் போதாது, பூச்சியும் வேண்டும். அவ்வளவு சின்ன வண்டை ஊசியால் குத்தாதே. முக்கோண அட்டை நுனியில் ஒட்டு. ஈக்களை ஆல்கஹாலில் போடு. சீட்டில் ஊர், உயரம், தேதி, செடி, உன் பெயர். பேனாவில் எழுதாதே, பென்சில்தான். ஆல்கஹாலில் மை கரைந்துவிடும். அடுத்த கவாத்து எப்போது என்று எழுது, லென்ஸோடு நானும் வருகிறேன்.