'லைவ்' கம்பிக்குத் தமிழ் என்ன?

ஒரு சின்ன டெஸ்ட். 'லைவ்' என்ற சொல்லுக்குத் தமிழ் சொல்லுங்க. சிலர் 'நேரலை' என்பீர்கள், சிலர் 'உயிருள்ள' என்பீர்கள். ரெண்டும் சரிதான். ஆனா அதையே ஒரு மின்கம்பிக்குப் போட்டுப் பாருங்க: 'நேரலைக் கம்பி', 'உயிருள்ள கம்பி'. நமக்குச் சிரிப்பு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேனலைத் திறக்கப்போகும் ஹெல்பருக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

பல பொருள் உள்ள சொல்லைத் தமிழாக்க ஒரு எளிய வழி இருக்கு. அந்த இடத்தில் அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று முதலில் கேளுங்கள்.

1. பெரியபாளையத்தம்மன் கோயில் ஆடித் திருவிழா டிவியில் 'லைவ்'. எதிர்: முன்பே பதிவு செய்தது. அதனால் 'நேரலை'.

2. மீன் கடையில் 'லைவ்' மீன். எதிர்: செத்தது. அதனால் 'உயிர் மீன்'.

3. ஆரணி ஆற்றுப் பாலத்தின் மேல் 'லைவ் லோட்'. எதிர்: பாலத்தின் சொந்த எடை, எப்போதும் மாறாதது. லாரியும் பஸ்ஸும் வரும், போகும். அதனால் 'மாறும் சுமை' என்றால் புரியும்.

4. 'லைவ்' கம்பி. எதிர்: சப்ளை துண்டிக்கப்பட்ட கம்பி.

நாலாவதில்தான் கவனம் வேணும். 'மின்னோட்டம் உள்ள கம்பி' என்று எழுதத் தோணும். நம்ம பாடத்தில் மின்னோட்டம் என்றால் கரண்ட், மின்னழுத்தம் என்றால் வோல்டேஜ். இப்ப யோசிங்க: சுவிட்ச் ஆஃப், ஃபேன் ஓடலை. அந்தக் கம்பியில் மின்னோட்டம் இல்லை. ஆனா சுவிட்ச் வரை வந்து நிற்கும் கம்பியில் 230 வோல்ட் அப்படியே இருக்கு. தொட்டால் நம்ம உடம்பு வழியா மின்னோட்டம் பாயும். அப்போ அந்த மொழிபெயர்ப்பு ஆபத்தான கம்பியையே 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுகிறது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன்கள் இதை எப்பவோ தீர்த்துட்டாங்க: 'லைன்ல கரண்ட் இருக்கு, தொடாத.' அவங்க சொல்ற 'கரண்ட்' ஆம்பியர் கணக்கு இல்லை. சப்ளை இருக்கு என்று அர்த்தம். எழுத்தில் இதை 'மின்சாரம் உள்ளது, தொடாதீர்கள்' என்று எழுதலாம். படிப்பவர் என்ன செய்யணுமோ அது அதிலேயே இருக்கு.

1956 இந்திய மின்சார விதிகளில் 35-ஆம் விதி, அபாயப் பலகையில் இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்தின் மொழியும், மண்டையோட்டுப் படமும் இருக்கணும் என்றது. பலகை, பக்கத்தில் போகிறவருக்குப் புரியணும் என்பதுதான் நோக்கம். அந்தத் தமிழ் வரியை நாளைக்கு எழுதப்போவது நம்மில் ஒருவராக இருக்கலாம்.

பயிற்சி: 'சார்ஜ்' என்பதை இந்த ஐந்து இடங்களில் தமிழாக்குங்கள். எலெக்ட்ரானின் சார்ஜ், போன் சார்ஜ், கூரியர் சார்ஜ், போலீஸ் சார்ஜ் ஷீட், இரும்பு உருக்கும் உலையில் போடும் சார்ஜ். ஒரே சொல்லை ரெண்டு இடத்தில் எழுதியிருந்தால், எதிர்ச்சொல்லை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.