கரண்டுக்கும் ஏலம் உண்டு!

வோல்ட், ஆம்பியர் தெரிந்த நமக்கு, மின்சார விலை எப்படி முடிவாகிறது என்று தெரியுமா?

2003 மின்சாரச் சட்டம் வழிவிட, 2008-ல் 'இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச்' தொடங்கியது. மின் பகிர்மானக் கழகங்களும் பெரிய ஆலைகளும் நாளைய கரண்டை இன்றே இங்கே கேட்டு வாங்கலாம். ஒரு நாளை 96 துண்டாகப் பிரித்து, 15 நிமிடத்துக்கு ஒரு விலை.

வகுப்பிலேயே நடத்திப் பார்ப்போம். நாலு பேர், நாலு துண்டுச் சீட்டு போதும்.

விற்பவர்கள் (யூனிட் விலை):
காற்றாலை – 40 மெகாவாட், 1 ரூபாய்
அனல் – 50 மெகாவாட், 4 ரூபாய்
கேஸ் – 40 மெகாவாட், 8 ரூபாய்

நாலாமவர் ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்கும் சேர்த்து 80 மெகாவாட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

மலிவான சீட்டிலிருந்து அடுக்குங்கள். கடைசியாகத் தேவைப்படும் சீட்டின் விலைதான் எல்லோருக்கும்! ஆக, 4 ரூபாய். காற்றாலைக்கும் அதே 4 தான்.

இப்போது 100 மெகாவாட் கேளுங்கள். கேஸிலிருந்து 10 மட்டுமே வேண்டும்; ஆனால் மொத்தத்துக்கும் விலை 8! ஆரல்வாய்மொழியில் காற்று நின்றால், 80 கேட்டாலே 8 தான்.

விலை ஏறினால் மில்லில் நைட் ஷிஃப்ட் குறையும். ஷிஃப்ட் குறைந்தால் கூலி குறையும். மில் கூலியில் படிக்க வந்த, வீட்டிலேயே முதல் டிப்ளமோக்காரனான எனக்கு இது வெறும் கணக்கு இல்லை.

உச்ச நேரத்தில் அந்தப் பத்தைச் சேமிப்பதும் என்ஜினீயர் வேலைதானே!